கொல்லன் சாமிக்குப் பளிங்குக் கோயில், கொல்லனுக்கு ஏலக் கல்வெட்டு

ஏதென்ஸ் என்றதும் நமக்கெல்லாம் மனப்பாடமாக ஒரு வரி வரும்: மக்களாட்சி பிறந்த ஊர். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு அது ஒரு மதிப்பெண். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அது ஒரு விளம்பரம். இந்த வரியை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. எந்த மக்களுக்கு ஆட்சி? அந்த ஆட்சி நடந்த நேரத்தில் கல் சுமந்தது யார், வெள்ளி தோண்டியது யார், உலை ஊதியது யார்?

சென்ற ஆண்டு ஒரு பயிற்சிக்காக ஏதென்ஸ் போயிருந்தேன். ஓய்வு கிடைத்த ஒரு நாளில் ஹெபைஸ்டோஸ் கோயிலுக்குப் போனேன். கிரேக்க நாட்டில் பழுதுபடாமல் மிஞ்சிய பழங்காலக் கோயில்களில் இது முதல் வரிசையில் வைக்கப்படுகிறது. போய் வந்தவர்கள் எல்லோரும் எழுதும் 'ஆஹா' கட்டுரையை நான் எழுதப்போவதில்லை. அந்தக் கோயில் அழகானதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த அழகை வைத்து நமக்கு விற்கப்படும் கதையோடுதான் சண்டை.

முழுசாக நிற்கும் கோயில்

ஏதென்ஸின் பழைய சந்தைவெளிக்கு அகோரா என்று பெயர். அதன் மேற்கு ஓரத்தில் ஒரு சின்னக் குன்று. குன்றின் மேல் இந்தக் கோயில். கி.மு. 449 வாக்கில் தொடங்கி கி.மு. 415 வாக்கில் முடிந்திருக்கிறது என்பது பொதுவான கணக்கு. முன்னும் பின்னும் ஆறு ஆறு தூண்கள், பக்கவாட்டில் மூலைத் தூண்களையும் சேர்த்துப் பதின்மூன்று பதின்மூன்று. மொத்தம் 34 தூண்கள், முப்பத்துநான்கும் நிற்கின்றன. பென்டெலிக்கோன் மலையில் வெட்டிய பளிங்கு. கூரையின் பெரும்பகுதியும் மேலே இருக்கிறது. எதிரே அக்ரோபோலிஸ் மலையில் இருக்கும் பார்த்தினான் 1687-இல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து, உள்ளே இருந்த வெடிமருந்து வெடித்துச் சிதைந்துபோனது. இது தப்பித்தது.

உள்ளே போக விடமாட்டார்கள். கயிறு கட்டியிருக்கிறார்கள், சுற்றி வரலாம், அண்ணாந்து பார்க்கலாம். கிழக்கு முகப்பில் ஹெராக்ளிஸின் சாகசங்களைப் பத்துப் பலகைகளில் செதுக்கியிருக்கிறார்கள். வடக்கிலும் தெற்கிலும் நான்கு நான்கு பலகைகளில் தீசியஸ் என்ற வீரனின் சாகசங்கள். அந்தச் சிற்பங்களைப் பார்த்து, இது தீசியஸின் கோயில் என்று பல காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் பக்கத்துப் பகுதிக்கும் ரயில் நிலையத்துக்கும் இன்றும் திஸ்ஸியோ என்றே பெயர். இந்தப் பெயர்க் குழப்பத்தை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

கோயிலின் உண்மையான சாமி ஹெபைஸ்டோஸ். கொல்லர்களின் கடவுள். தேவர்களுக்கு ஆயுதமும் கேடயமும் ஆபரணமும் செய்து கொடுப்பவன். கால் ஊனமுற்றவன். அவன் நொண்டி நொண்டி மது பரிமாறுவதைப் பார்த்து மற்ற தேவர்கள் விழுந்து விழுந்து சிரித்ததாக ஹோமரின் இலியத்தில் வருகிறது. கோயில் இருக்கும் குன்றைச் சுற்றி உலைகளும் உலோகப் பட்டறைகளும் இருந்தன என்பதற்கு அகழாய்வில் தடயம் கிடைத்திருக்கிறது. ஏதென்ஸில் கொல்லர்களுக்கென்றே கால்கெயா என்ற திருவிழாவும் இருந்தது.

எங்கள் வழிகாட்டி இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பெருமையோடு முடித்தார்: பாருங்கள், உழைப்பாளியின் கடவுளுக்கு ஊர் நடுவில் கோயில் கட்டிய சமூகம் இது, உழைப்பை இவ்வளவு மதித்தவர்கள் யார் இருக்கிறார்கள்?

எனக்கு ஆயுத பூஜை நினைவுக்கு வந்தது. அரிவாளுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிற வீட்டில், அந்த அரிவாளைப் பிடித்து அறுவடை செய்தவருக்குத் தனிக் குவளை. கருவிக்குக் கிடைக்கிற மரியாதை கைக்குக் கிடைப்பதில்லை என்பது நமக்குப் புதிய பாடமா?

சாமிக்குப் பூசை, தொழிலுக்கு வசவு

கிரேக்கத்தில் 'பனாவ்சோஸ்' என்று ஒரு சொல் உண்டு. கைத்தொழில் செய்பவன் என்று பொருள். ஆனால் மேல்தட்டு மனிதர் ஒருவர் அந்தச் சொல்லைச் சொன்னால் அது வசவு. சூளையைக் குறிக்கும் சொல்லோடு அதைச் சேர்த்துப் பழைய சொல்விளக்கம் சொல்வார்கள். நெருப்புக்கு முன்னால் வேலை செய்பவன் என்ற அடையாளமே இழிவாகிவிட்டது.

செனபோன் எழுதிய வீட்டு நிர்வாகம் பற்றிய நூலில் ஒரு வாதம் வருகிறது. கைத்தொழில்கள் உடலைக் கெடுக்கும், நாள் முழுக்க உட்கார்ந்து நெருப்பருகே கிடப்பவனின் உடல் தளர்ந்தால் மனமும் தளரும், நண்பனுக்கும் நாட்டுக்கும் அவனால் பயன் இல்லை என்பது அதன் சாரம். அரிஸ்டாட்டில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். மிகச் சிறந்த அரசு கைத்தொழிலாளியைக் குடிமகனாக ஏற்காது என்று தம் 'அரசியல்' நூலில் வாதிடுகிறார். அடிமையை உயிருள்ள உடைமை, உயிருள்ள கருவி என்கிறார்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அடிமை ஏன் தேவை என்று விளக்கும் பத்தியில் அவர் உதாரணத்துக்கு இழுப்பது யாரை தெரியுமா? இதே ஹெபைஸ்டோஸை. அந்தக் கடவுள் செய்த முக்காலிகள் தாமாகவே நகர்ந்து தேவர் சபைக்குப் போகும் என்று ஹோமர் பாடியிருக்கிறார். அதுபோல நெசவு நாடா தானாக நெய்தால், கருவிகள் தாமாக வேலை செய்தால், முதலாளிக்கு அடிமை தேவைப்படாது என்கிறார் அரிஸ்டாட்டில். அப்படிக் கருவி இல்லாததால் மனிதனைக் கருவியாக்கிக்கொள்ளலாம் என்று ஆகிறது கணக்கு. கொல்லன் கடவுளின் பெயரைச் சொல்லியே கொல்லுப்பட்டறையின் அடிமைக்கு நியாயம் கற்பித்துவிட்டார்.

இன்னொரு விஷயம். அரிஸ்டாட்டிலே ஏதென்ஸின் குடிமகன் அல்ல. வடக்கே ஸ்டாகிரா என்ற ஊரிலிருந்து வந்தவர். ஏதென்ஸில் அவருக்கு வாக்கு இல்லை, நிலம் வாங்கும் உரிமை இல்லை. அந்நியராக அங்கே வாழ்ந்தவர். தான் நிற்கிற படிக்குக் கீழே இன்னொருவரை நிறுத்த எழுதிக் கொடுத்தவர். இந்த ஆளை நாம் நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். படிநிலையில் தனக்கு மேலே இருப்பவனைக் கேள்வி கேட்காமல், தனக்குக் கீழே ஒருவன் இருப்பதில் ஆறுதல் தேடுகிறவன்.

கோயில் இருக்கிற குன்றுக்கே ஒரு பெயர் உண்டு: கூலிக்காரர் குன்று. அன்றாடங்காய்ச்சிகள் வேலைக்கு ஆள் கூப்பிடுவார்களா என்று காத்து நிற்கும் இடம் அது. விடியற்காலையில் நம் ஊர்ச் சந்திப்புகளில் மண்வெட்டியும் தூக்குவாளியுமாக நிற்கிற ஆட்களை நினைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே உழைப்பின் கடவுள் பளிங்கில் இருந்தார். கீழே உழைப்பு நாள் கணக்கில் விலைபோனது.

72 திராக்மா

அதே அகோராவில் மனிதர்களையே விற்றார்கள். அடிமை வியாபாரம் அங்கே மறைவாக நடக்கவில்லை, சந்தையின் ஒரு பகுதி.

கி.மு. 415-இல் ஏதென்ஸில் பெரிய மதநிந்தனை வழக்கு ஒன்று நடந்தது. தெய்வச் சிலைகளை உடைத்தார்கள், புனிதச் சடங்குகளைக் கேலி செய்தார்கள் என்று பலர் மேல் குற்றச்சாட்டு. தண்டிக்கப்பட்டவர்களின் சொத்தைப் பறிமுதல் செய்து அரசே ஏலம் விட்டது. அந்த ஏலக் கணக்கைக் கல்லில் வெட்டி, அகோராவுக்குப் பக்கத்திலேயே எலியூசினியோன் என்ற வழிபாட்டு இடத்தில் நிறுத்தினார்கள். அந்தக் கல்வெட்டின் துண்டுகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஹெபைஸ்டோஸ் கோயிலிலிருந்து சந்தைவெளியைக் குறுக்கே நடந்தால் சில நிமிடத் தூரம். கோயில் வேலை முடிந்த காலமும் ஏலம் நடந்த காலமும் ஏறக்குறைய ஒன்றே.

தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர் கெபிசொடோரோஸ். பிரேயஸ் துறைமுகத்தில் குடியிருந்த வெளியூர்க்காரர். அவருடைய சொத்துப் பட்டியலில் 16 மனிதர்கள் வருகிறார்கள். பட்டியல் இப்படிப் போகிறது: திரேஸ் நாட்டுப் பெண் 165 திராக்மா. இன்னொரு திரேஸ் பெண் 135. சிரியா ஆண் 301. லிடியாப் பெண் 85. கேரியாச் சிறுவன் 174. கேரியாக் குழந்தை 72.

நன்றாகப் பாருங்கள், ஒருவருக்கும் பெயர் இல்லை. எந்த நாட்டுச் சரக்கு, ஆணா பெண்ணா, என்ன விலை, அவ்வளவுதான். சாமியை அவமதித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது எஜமான் மேல். ஏலத்தில் நின்றது அந்தக் குழந்தை. அந்தக் காலத்தில் ஏதென்ஸில் தேர்ந்த கைவினைஞருக்கு ஒரு நாள் கூலி ஒரு திராக்மா. அப்படியென்றால் இன்றைய துருக்கியின் தென்மேற்கில் இருந்த கேரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்தக் குழந்தையின் முழு வாழ்க்கை, கொத்தனார் ஒருவரின் 72 நாள் கூலிக்குப் போயிருக்கிறது.

சமூகவியலாளர் ஆர்லாண்டோ பேட்டர்சன் 1982-இல் வெளியிட்ட நூலில் அடிமைத்தனத்தைச் 'சமூக மரணம்' என்று விளக்குகிறார். பிறந்த குடும்பம், ஊர், முன்னோர் என்று எதன்மீதும் உரிமை கோர முடியாத நிலைக்கு ஒரு மனிதரைத் தள்ளுவது. முதுகலை வகுப்பில் படித்தபோது அது எனக்கு ஒரு கோட்பாடு. இந்த ஏலப் பட்டியலோடு சேர்த்துப் படித்தால் அது 72 என்ற ஒரு எண்.

'எல்லோருக்கும் ஒரே கூலி'

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், அதைத் தட்டிக்கழிக்க முடியாது. அக்ரோபோலிஸ் மேல் எரெக்தியோன் என்ற கோயில் இருக்கிறது. அதன் கட்டுமானக் கணக்கு, கி.மு. 409 முதல் 407 வரையிலானது, கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. அதை ஆராய்ந்தவர்கள் தகுதிநிலை தெரிய வருகிற 86 தொழிலாளர்களைக் கணக்கிட்டிருக்கிறார்கள். குடிமக்கள் 24 பேர், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் 42 பேர், அடிமைகள் 20 பேர். மூன்று வகையினருக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி.

இதை வைத்துக்கொண்டுதான், பார்த்தீர்களா, அடிமைக்கும் சம கூலி கொடுத்த சமூகம் என்று பேசுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். கல்வெட்டில் தூண்களுக்கு வரிப்பள்ளம் செதுக்கிய குழு ஒன்று வருகிறது. அதில் சிமியாஸ் என்ற கல்தச்சர் இருக்கிறார். அவரோடு சிண்ட்ரோன், சன்னியோன், எபியீகேஸ், சோசாண்ட்ரோஸ் என்று நான்கு பேர். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் 'சிமியாஸுடைய' என்று எழுதியிருக்கிறது. அதாவது சிமியாஸின் உடைமை. கூலி அடிமையின் பெயரில் எழுதப்பட்டாலும் அவன் சம்பாத்தியத்தின் மீது சட்டப்படி உரிமை எஜமானுக்குத்தான். அவன் கையில் எவ்வளவு விடுவது என்பது எஜமானின் இஷ்டம். இந்தச் சம கூலியில் சமமாக இருந்தது யார்? ஒரு சுத்தியலுக்கும் இன்னொரு சுத்தியலுக்கும் ஒரே வாடகை என்பதை யாராவது சமத்துவம் என்று சொல்வார்களா?

ஆனாலும் அந்தக் கல்வெட்டை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏலக் கல்வெட்டில் இல்லாத பெயர் இங்கே இருக்கிறது. சிண்ட்ரோன், சன்னியோன், எபியீகேஸ், சோசாண்ட்ரோஸ். ஏதென்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரிக்ளீஸையும் சாக்ரடீஸையும் சொல்லும்போது இந்த நான்கு பேரையும் சேர்த்துச் சொல்லட்டும்.

இனி வெள்ளிக்கு வருவோம். ஏதென்ஸின் நாணயத்துக்கும் கடற்படைக்கும் பின்னால் இருந்தது, நகரத்துக்குத் தென்கிழக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் லாரியன் சுரங்கங்களின் வெள்ளி. ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத குகைவழிகளில், விளக்கு வெளிச்சத்தில் தவழ்ந்து தோண்டியவர்கள் பெரும்பாலும் அடிமைகள். நிக்கியாஸ் என்ற தளபதி, அரசியல் தலைவர், தெய்வபக்திக்குப் பேர்போனவர். அவர் சுரங்கத்தில் தமக்கு இருந்த ஆயிரம் அடிமைகளை ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஓபோல் வாடகைக்கு விட்டார் என்று செனபோன் எழுதுகிறார். ஒரு திராக்மாவில் ஆறில் ஒரு பங்குதான் ஓபோல். யாராவது செத்தால் வாடகைக்கு எடுத்தவர் எண்ணிக்கையை நிரப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒரு மனிதன் சாவதற்கும் மண்வெட்டி உடைவதற்கும் ஒப்பந்தத்தில் வேறுபாடு இல்லை.

மண்ணில் முளைத்தவர்கள்

இந்தக் கோயிலுக்கும் பிறப்புக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. சாதி என்றால் என்னவென்று உடம்பால் அறிந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

ஏதெனியர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதை இது. ஹெபைஸ்டோஸ் அதீனா தேவியைத் துரத்துகிறான், அவள் விலகிக்கொள்கிறாள், அவன் விந்து பூமியில் விழுகிறது. பூமி ஒரு குழந்தையைப் பெறுகிறது. பெயர் எரிக்தோனியோஸ். அதீனா அவனை வளர்க்கிறாள். அவன் வழி வந்தவர்களே ஏதெனியர். வேறெங்கிருந்தும் வந்தவர்கள் அல்ல, இந்த மண்ணிலேயே முளைத்தவர்கள், கலப்பில்லாதவர்கள். ஹெபைஸ்டோஸ் கோயிலுக்குள் ஹெபைஸ்டோஸும் அதீனாவும் ஒன்றாக நின்றதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

கதையாக மட்டும் இருந்திருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். கி.மு. 451-இல், அதாவது கோயில் வேலை தொடங்குவதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன்னால், பெரிக்ளீஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தார். தாய், தந்தை இருவருமே ஏதெனியராக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. அதுவரை தந்தை ஏதெனியராக இருந்தாலே போதும். உலகமே புகழும் மக்களாட்சி தன் உச்சத்தில் செய்த வேலை, பிறப்புக் கதவை இன்னும் இறுக்கிச் சாத்தியது. பெண்களுக்கு வாக்கு இல்லை, அடிமைக்கு எதுவுமே இல்லை, தலைமுறைக் கணக்கில் அங்கேயே வாழ்ந்த வெளியூர்க்காரருக்கு வரி மட்டும் உண்டு. பிறகு நடந்ததையும் கேளுங்கள். மிலெட்டஸ் ஊரைச் சேர்ந்த அஸ்பாசியாவோடு பெரிக்ளீஸுக்குப் பிறந்த மகன் அதே சட்டத்தால் குடிமகன் ஆக முடியவில்லை. மற்ற இரண்டு மகன்களும் கொள்ளைநோயில் இறந்த பிறகு, தம் சொந்தப் பிள்ளைக்கு விலக்குக் கேட்டு நின்றார். விலக்குக் கிடைத்தது. பெரிய வீட்டுப் பிள்ளை ஆயிற்றே.

ஒரு கூட்டம் மண்ணிலிருந்து முளைத்தோம் என்று சொன்னது. இன்னொரு நாட்டில் ஒரு கூட்டம் முகத்திலிருந்து பிறந்தோம் என்று சொன்னது. புராணம் வேறு, செய்கிற வேலை ஒன்று: பிறப்பை உரிமையாக்குவது.

'எல்லா ஊரிலும் இருந்ததுதானே?'

இதைப் படித்துவிட்டு ஒருவர் வருவார், உறுதியாக வருவார். பார்த்தீர்களா, கிரேக்கத்திலும் இருந்திருக்கிறது, எல்லாச் சமூகத்திலும் ஏற்றத்தாழ்வு உண்டு, சாதியை மட்டும் ஏன் தோண்டுகிறீர்கள் என்பார். இன்னொருவர் வந்து, அந்தக் காலத்தை இந்தக் கால அளவுகோலால் அளக்கலாமா என்று தத்துவம் பேசுவார். இரண்டுக்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில். நம் அளவுகோல் வேண்டாம், அந்தக் கால அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். கி.மு. 413-இல் ஸ்பார்ட்டாவின் படை ஏதென்ஸுக்கு வடக்கே டெசெலியாவில் முகாம் அமைத்தது. அதன் பிறகு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸை விட்டு ஓடினார்கள், அவர்களில் பெரும்பாலோர் கைத்தொழிலாளர்கள் என்று துசிடிடீஸ் எழுதுகிறார். கொல்லன் கடவுளின் கோயில் கட்டி முடித்து ஓரிரு ஆண்டுக்குள் ஊரின் கைத்தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டு ஓடியிருக்கிறார்கள். அவர்கள் தங்கள் காலத்தை எந்த அளவுகோலால் அளந்தார்கள்? அரிஸ்டாட்டிலும் தம் நூலில், அடிமைத்தனம் இயற்கைக்கு விரோதம், வெறும் பலாத்காரம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் என ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மறுக்கத் தொடங்குகிறார். இயற்கை யாரையும் அடிமையாகப் படைக்கவில்லை என்ற கருத்தை ஆல்கிடமாஸ் என்ற பேச்சாளர் அதே நூற்றாண்டில் சொல்லியிருக்கிறார். 'அந்தக் காலத்தில் யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை' என்று யாராவது சொன்னால், 'யாருக்கும்' என்ற சொல்லில் அவர் யாரையெல்லாம் சேர்க்கவில்லை என்று கேளுங்கள்.

முதல் கேள்விக்கு அண்ணல் அம்பேத்கரிடம் பதில் இருக்கிறது. ரோம் நாட்டு அடிமை முறையையும் தீண்டாமையையும் எதிரெதிரே வைத்து அவர் விரிவாக எழுதியிருக்கிறார். அடிமை முறை வெளிப்படையானது, தான் அடிமை என்று அடிமைக்குத் தெரியும், விடுதலை பெறும் வழியும் இருந்தது. தீண்டாமை மறைமுகமானது, அதிலிருந்து வெளியேறும் கதவே இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். ஏதென்ஸிலும் இதைப் பார்க்கலாம். சிண்ட்ரோன் தொட்டுச் செதுக்கிய தூண் அவன் தொட்டதால் தீட்டுப்படவில்லை. அடிமைகள் பல வழிபாடுகளில் கலந்துகொண்டார்கள், எலியூசிஸ் புனிதச் சடங்கில் தீட்சைகூடப் பெற முடிந்தது. கட்டிய கையையே கட்டி முடித்தபின் வாசலில் நிறுத்தி, நீ வந்தால் சாமிக்குத் தீட்டு என்று சொல்லும் ஏற்பாடு வேறொரு நாட்டின் கண்டுபிடிப்பு.

இதனால் ஏதென்ஸ் நல்லதாகிவிடாது. லாரியன் சுரங்கத்தில் செத்தவனிடம் போய், உன் தொடுகை தீட்டில்லை, சந்தோஷப்படு என்று சொல்ல முடியாது. இரண்டு கொடுமைகளை ஒப்பிடுவது எதைக் குறைத்துக் காட்டலாம் என்பதற்காக அல்ல. மகாத்மா ஜோதிராவ் புலே 1873-இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, நீக்ரோ அடிமைகளின் விடுதலைக்காக நின்ற அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அடுத்தவரின் விலங்கைப் பார்த்து, நம் விலங்கு பரவாயில்லை என்று அவர் ஆறுதல் கொள்ளவில்லை. அங்கே உடைந்தால் இங்கேயும் உடைக்கலாம் என்று படித்தார். ஒப்பீடு செய்தால் அப்படிச் செய்ய வேண்டும்.

எது காப்பாற்றப்பட்டது?

இந்தக் கோயில் 'நன்றாகப் பாதுகாக்கப்பட்டது' என்கிறார்கள். யார் பாதுகாத்தார்கள்? ஏழாம் நூற்றாண்டு வாக்கில் இது புனித ஜார்ஜ் பெயரில் கிறித்தவத் தேவாலயமானது. 1830-கள் வரை தேவாலயமாகவே இருந்தது. பிறகு கொஞ்சகாலம் அருங்காட்சியகம். அதாவது ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக மக்கள் உள்ளே போய் வந்து, பெருக்கி, விளக்கேற்றிப் புழங்கியதால்தான் அது நின்றது. இப்போது கயிறு கட்டிய பின் வந்த நிபுணர்கள் காப்பாற்றியதைவிட, பெயர் தெரியாத அந்த மக்கள் காப்பாற்றியது அதிகம்.

அதே மக்களின் வாரிசுகளுக்கு என்ன நடந்தது? அகோரா இருந்த இடத்தின் மேல் விரிசாக்கி என்ற குடியிருப்பு இருந்தது. 1931-இல் அமெரிக்க ஆய்வு நிறுவனம் அங்கே அகழாய்வு தொடங்கியது. அதற்காக 400-க்கும் மேற்பட்ட வீடுகளும் கட்டடங்களும் இடிக்கப்பட்டன. ராக்பெல்லர் குடும்பத்துப் பணம் இதற்கு வந்தது. 1950-களில் அட்டாலோஸ் மண்டபத்தைப் புதிதாகக் கட்டி எழுப்பவும் அந்தப் பணம் வந்தது. இன்று நாம் மரநிழலில் நடந்துபோய்ப் படம் எடுக்கும் அந்த அமைதியான வெளி, ஒரு ஊர் இருந்த இடம். அகழாய்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. மேலே சொன்ன ஏலக் கல்வெட்டின் துண்டுகள் பலவும் அந்த அகழாய்வில் கிடைத்தவைதான். ஆனால் பாரம்பரியம் என்ற பெயரில் யார் வீடு முதலில் காலி செய்யப்படுகிறது என்ற கேள்வியை நாம் கேட்காமல் யார் கேட்பது?

பெயர்க் குழப்பத்தை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? இந்தக் கோயிலைத் தீசியோன், தீசியஸின் கோயில் என்று தவறாக அழைத்தார்கள். உண்மையான தீசியோன் ஒன்று ஏதென்ஸில் இருந்தது. எஜமானின் கொடுமை தாங்காத அடிமைகள் ஓடிப்போய்த் தஞ்சமடையும் இடம் அது. அங்கே போய் உட்கார்ந்து, என்னை வேறு எஜமானுக்கு விற்றுவிடுங்கள் என்று கேட்கலாம். விடுதலை கேட்க முடியாது, வேறு எஜமானைக் கேட்கலாம், அவ்வளவுதான். எளியவர்களுக்கும் அடிமைகளுக்கும் புகலிடம் என்று புளூடார்க் எழுதிய அந்த இடம் எங்கே இருந்தது என்று இன்றுவரை யாராலும் உறுதியாகக் காட்ட முடியவில்லை. அதன் பெயர் மட்டும் இன்னொரு கோயிலின் மேல் ஒட்டிக்கொண்டு, ஒரு ரயில் நிலையப் பலகையில் மிஞ்சியிருக்கிறது.

கொல்லன் சாமியின் 34 தூண்களும் அப்படியே இருக்கின்றன. அடிமை ஓடி ஒளிந்த இடம் இருந்த சுவடே இல்லை. வரலாறு எதை 'நன்றாகப் பாதுகாக்கிறது' என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கல்லைப் படியுங்கள்

மாணவத் தோழர்களே, எந்த ஊர்க் கோயிலுக்கோ கோட்டைக்கோ மாளிகைக்கோ போனாலும் மூன்று கேள்விகளை எடுத்துப் போங்கள். இதைக் கட்டியவர்களுக்குக் கூலி யார் கையில் கொடுக்கப்பட்டது? கட்டியவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? இதைச் சுற்றி இருந்த யாருடைய வீடு இன்று இல்லை?

பதில் பல நேரம் அங்கேயே கல்லில் இருக்கும். ஏதென்ஸில் குழந்தையின் விலை கல்லில் இருப்பதுபோல, தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று குடியிருப்புகள் பெயர் சொல்லிப் பதிவாகியிருக்கின்றன. கைவினைஞர்களுக்கு ஒரு சேரி, நமக்கு ஒரு சேரி, அதற்கும் தள்ளி இன்னொன்று. கோபுரத்தின் உயரத்தைச் சொல்லும் புத்தகங்கள் இந்த வரிகளை நமக்குக் காட்டுவதில்லை. கல்வெட்டுத் தொகுதிகள் நூலகத்தில் கிடைக்கும். ஒரு விடுமுறையில் நான்கைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். வாசித்ததை உங்கள் கல்லூரியில், உங்கள் தெருவில் கூட்டம் போட்டுச் சொல்லுங்கள்.

அண்ணாந்து பார்த்து வியப்பதற்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். குனிந்து படிப்பதற்குத்தான் ஆள் தேவை.

ஜெய்பீம்.